இருபதாவது கம்பம்

கூட்ஸ் ரயிலின் கடைசியிலிருந்த கார்டு வேனிலிருந்து இறங்கி ஜல்லியில் கால் வைத்ததுமே வைரவன் எண்ணத் தொடங்கிவிட்டான். வேனுக்கு நேரே நின்ற மின்கம்பத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒரு கணம் தடுமாறி, விட்டுவிடலாம், அடுத்ததுதான் ஒன்று, என்று முடிவு செய்துகொண்டான். கையில் சிவப்புக் கொடி. தோளில் தொங்கிய தகர டப்பாவில் பத்து வெடிகள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மழை என்று சொல்ல முடியாது, சட்டை நனைவதற்கு முன்னால் தண்டவாளம் நனைந்துவிடுகிற மாதிரியான தூறல். பகல் இரண்டே முக்கால் மணி. மலையை வெட்டிய பள்ளத்துக்குள் ஒற்றைப் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. அந்த வளைவுக்குள் அவனுடைய ரயில், நிலக்கரி ஏற்றிய ஐம்பத்தெட்டு வேகன்கள், மூச்சுவிடாமல் நிற்கிறது. அவனுடைய ரயில். அப்படி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஓடுகிற வண்டி டிரைவருடையது, நடுவழியில் நின்றுவிட்ட வண்டி கார்டுடையது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சொன்னபோது நாற்பத்திரண்டு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "கார்டு சார், கார்டு சார், எஞ்சின் படுத்துக்கிச்சு சார்." டிரைவர் கோதண்டம். அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ், இவனுக்கு இது தனியாக ஏறிய முதல் வண்டி. அவர் சார் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டியிருக்கும். "இன்னா பண்றதுன்னு உன் புக்குல பாத்துச் சொல்லு சார்." இவன் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "சரி சரி, பயப்படாத. ஃபோன மாட்டி கன்ட்ரோல்ல பேசிட்டேன். பின்னாலேர்ந்து ரிலீஃப் எஞ்சின் கெளம்புது. இருநூத்திப் பதினாறு பார் ஏழுன்னு எடம் சொல்லியிருக்கேன். ஓகேவா?" "ஓகே சார்" என்றான் வைரவன். "அப்ப ஹேண்ட் பிரேக்க நல்லாச் சுத்திட்டு, பின்னால போயி வெடிய வச்சுட்டு வா. ஜல்லில பாத்து நட, கால ஒடிச்சுக்காத." ஒன்று. முதல் கம்பத்தைக் கடந்தபோது அதைக் கையால் தொட்டான், ஏன் தொட்டான் என்று தெரியவில்லை.

இரண்டு. பின்னாலிருந்து வரப்போகிற எஞ்சினை நிறுத்தத்தான் இந்த நடை. அறுநூறு மீட்டரில் ஒரு வெடி, ஆயிரத்து இருநூறில் மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், சத்தம் கேட்டு டிரைவர் நிறுத்துவார். "மீட்டரை எங்கே போய் அளப்பீர்கள்? கையில் டேப்பா இருக்கிறது?" என்று பயிற்சிப் பள்ளியில் கேட்டவர் பதிலையும் தானே சொன்னார். "கம்பத்தை எண்ணுங்கள். கம்பத்துக்குக் கம்பம் அறுபது. பத்துக் கம்பம், இருபது கம்பம், முடிந்தது விஷயம்." சொல்லிவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் எப்போதும் கடிகாரத்தைப் பார்ப்பவர்தான். மூன்று மாதப் படிப்பை இருபத்து நான்கு நாளில் முடிக்கச் சொல்லி மேலிருந்து கடிதம் வந்திருந்தது, வண்டிகள் கார்டு இல்லாமல் யார்டில் தூங்குகின்றன என்று. அவர் என்ன செய்வார், பாவம், பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். வெடியைக்கூட மேஜைமேல் வைத்துக் காட்டினார், காலாவதியான ஒன்றை. அது வரிசை வரிசையாகக் கைமாறி வந்தபோது வைரவனுக்குப் பக்கத்திலிருந்தவன் அதைக் காதோரம் ஆட்டிப்பார்த்து, உளுந்தவடை மாதிரி இருக்குடா, என்றான். யாரும் ஒன்று வெடித்துக் காதால் கேட்கவில்லை. மூன்று. பிறகு பாதை பழகுவதற்கென்று இந்த மலைப் பகுதியில் மூன்று தடவை அனுப்பினார்கள். மூன்று தடவையும் இருட்டில் ஏறி இருட்டில் இறங்கினான். வேனுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டால், கறுப்பு இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அதற்கு அப்புறம் ஒரு மேஜை, ஒரு தாள், இந்தப் பாதையின் ஏற்றம், இறக்கம், வளைவு அனைத்தும் எனக்கு நன்கு தெரியும் என்ற வாசகம், கீழே கையெழுத்து. போட்டான். நாற்பத்திரண்டு பேரும் போட்டார்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்து அழகாகவும் விழுந்தது. நான்கு. கறுப்பாக இருந்தது இதுதானா? இவ்வளவு பெரிய பாறையா அந்த மூன்று தடவையும் ஒரு முழத் தூரத்தில் கடந்து போனது? பள்ளத்தின் இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக ஏறியிருந்தது. யாரோ, எப்போதோ, உளி பிடித்த கோடுகள் அதில் இன்னமும் இருந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருவன் கையை ஓங்கியிருக்கிறான். அண்ணாந்து பார்த்தபடி நடந்ததில் கால் இடறியது.

ஐந்து. திரும்பிப் பார்த்தான். வேன் தெரியவில்லை. இரண்டு கம்பத்துக்கு முன்னாலேயே அதை வளைவு விழுங்கியிருந்தது. வேனுக்குள் பெருமாயி இருக்கிறாள், இரண்டு கூடைச் சீத்தாப்பழத்தோடு. மேலே ஸ்டேஷனில் எதிர்வண்டிக்காக நின்றபோது தானாக வந்து கூடையை ஏற்றிவிட்டு, "கையக் குடு சாமி" என்று அவனிடமே கை நீட்டினாள். ஏற்றக் கூடாது. ஆனால் பழக்காலம் முழுக்க மலைக்காரப் பெண்கள் கூட்ஸ் வேனில்தான் கீழே சந்தைக்கு இறங்குவார்கள், அது எல்லா கார்டுகளுக்கும் தெரிந்த வழக்கம், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "அந்த தாடிக்கார கார்டு வல்லியா? நீ புதுசா?" "இல்லம்மா, பழசுதான்." "ஆமா பழசு. பள்ளிக்கொடத்துக்கு மொத நாளு வந்த புள்ளயாட்டம் முழிக்கற, பழசாம்." வண்டி நின்றதும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "இறங்காதீங்கம்மா, இங்கயே இருங்க, வந்துடறேன்" என்று உட்காரவைத்துவிட்டு வந்தவன் இவன்தான். "நா எங்க போறேன், முட்டி தாங்காது. நீ போயி உன் பட்டாசக் கொளுத்திட்டு வா" என்று கால்களை நீட்டிக்கொண்டாள். ஆறு. நாலாயிரத்து எழுநூறு டன். ஓடும்போது எடை தெரிவதில்லை, ஓடும்போது அது ஒரு சத்தம், அவ்வளவுதான். நின்றபிறகுதான் தெரிகிறது. வேன் வாசலில் நின்று முன்னால் பார்த்தபோது, கறுப்பு மலை ஒன்று படுத்துக்கொண்டு இந்தப் பெரிய மலையோடு சேர்ந்து வளைந்திருந்தது, அதன் தலை எங்கே என்றே தெரியவில்லை. அந்தத் தலையிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அறுநூறு மீட்டருக்கு அப்பாலிருந்துதான், கோதண்டம் சார் அவனோடு பேசியிருக்கிறார். கூப்பிடு தூரம் இல்லை அது. ஒரு ஊரின் இந்தக் கடைசியும் அந்தக் கடைசியும். எஞ்சின் நிற்பது ஒரு ஊர், வேன் நிற்பது வேறு ஊர்.

ஏழு. அங்கே அவன் கால் நின்றுவிட்டது. எஞ்சின் நிற்பது ஒரு ஊர். இருநூற்றுப் பதினாறு பார் ஏழு. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சின்னத் தகடு உண்டு. மேலே எத்தனையாவது கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டரில் இது எத்தனையாவது கம்பம். கோதண்டம் சார் தன் ஜன்னலுக்கு நேரே இருந்த தகட்டைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அது எஞ்சின் நிற்கிற இடம். ரிலீஃப் எஞ்சின் பின்னாலிருந்து வருகிறது. அதற்கு வேண்டியது வேன் நிற்கிற இடம். வேனுக்கு நேரே இருந்த தகடு, இறங்கும்போது பார்த்தானே, இருநூற்றுப் பதினைந்து பார் பதினேழு. வருகிற டிரைவரின் கையில் தாள் இருக்கும். அதில் பதினாறு பார் ஏழு என்று எழுதியிருக்கும். அவர் அந்த எண்ணை நம்பி, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை என்று நம்பி, இறக்கத்தில் விட்டுக்கொண்டு வருவார். பதினாறு பார் ஏழு வருவதற்கு அறுநூறு மீட்டர் முன்னாலேயே வேன் இருக்கிறது, வேனுக்குள் பெருமாயி இருக்கிறாள். ஓகேவா என்று கேட்டார். ஓகே சார் என்றான். கேட்டதே அதற்காகத்தானே, கார்டு சரிபார்க்க வேண்டும் என்றுதானே கேட்டது, வெறுமனே மரியாதைக்காகவா? வாக்கிடாக்கியை எடுத்து அழுத்தினான். "கோதண்டம் சார், கோதண்டம் சார்." பாறை இரைச்சலைத்தான் திருப்பிக் கொடுத்தது. செல்லுக்கு இந்த மலையில் டவர் இல்லை. கன்ட்ரோலோடு பேசக் கம்பியில் மாட்டுகிற ஃபோன் ஒன்றுதான், அது எஞ்சினில் இருக்கிறது. எஞ்சினுக்கு ஓடினால் ஐம்பத்தெட்டு வேகன் தாண்டி ஓடவேண்டும், அதற்குள் ரிலீஃப் வந்துவிடும். திரும்பிப் போய்ப் பெருமாயியை இறக்கிவிடலாம், ஏழு கம்பம்தான், போய் இறக்கிவிட்டு மறுபடி வரலாம், ஏழும் ஏழும் பதினாலு, பதினாலு கம்பத்து நேரம். அந்த நேரத்தில் எஞ்சின் வந்துவிட்டால்? அவள் பிழைப்பாள். எஞ்சினில் இருக்கும் இரண்டு பேர்? அவர்கள் முகம்கூட அவனுக்குத் தெரியாது. தெரியாத இரண்டு பேர், தெரிந்த ஒருத்தி. இறங்காதீங்கம்மா என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவளாகவே இறங்கிப் பாறையோரமாக உட்கார்ந்திருப்பாள். எட்டாவது கம்பம் எதிரே நின்றது, ஏழாவது முதுகுக்குப் பின்னால் நின்றது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவன் ஒருமுறை கீழே ஓடினான், நாலே அடி, நின்றான், மேலே ஓடினான். வெடி வைத்துவிட்டால் மூன்று பேரும் பிழைப்பார்கள். வைக்காவிட்டால் ஒருத்தி மட்டும். மேலே. எட்டு. இந்தக் கணக்கை எந்த வகுப்பிலும் போட்டுக் காட்டவில்லையே என்ற நினைப்பு வந்தது, கோபமாக இல்லை, ஒரு வியப்பாகத்தான் வந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் இதை எப்படிச் சுமந்துகொண்டு தினம் சோற்றுவாளியோடு வேலைக்கு வருகிறார்கள்?

ஒன்பது. பத்து. குனிந்து முதல் வெடியை எடுத்தான். உள்ளங்கை அளவு வட்டம், இரண்டு பக்கமும் ஈயப் பட்டை. தண்டவாளத்தின் தலையில் வைத்துப் பட்டைகளை இரு பக்கமும் மடக்கி அழுத்த வேண்டும். அவசரத்தில் பட்டை ஒருபக்கம் கோணலாகப் போனது, எடுத்துத் திரும்ப வைத்தான். ஈரமான இரும்பு விரலில் சில்லென்று ஏறியது. இவ்வளவு சின்னதை நம்பியா? நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள எஞ்சின் வரப்போகிறது, அதற்கு எதிரே ஓர் உளுந்தவடை. அதுவும் எஞ்சினைத் தடுக்கப் போவதில்லை, ஒன்றையும் தடுக்காது, சக்கரத்துக்கு ஒரு கீறல்கூட விழாது. அது செய்யப்போவது ஒரு மனுஷன் காதில் ஒரு சத்தம் போடுவது மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அந்த மனுஷனின் கை பிரேக்குக்குப் போகவேண்டும். இத்தனை இரும்பு, இத்தனை கல், மலையையே பிளந்து போட்ட பாதை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு காதிலும் ஒரு கையிலும் வந்து நிற்கிறது. அவனுக்கு மயிர் சிலிர்த்தது. மனைவி நாகம்மைக்கு இதை எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால், வேலையில் என்ன செய்யணும் உங்களுக்கு, என்று கேட்பாள். போன வாரமும் கேட்டாள். "கடைசிப் பெட்டியில சும்மா உட்கார்ந்துட்டு வரணும், பச்சைக் கொடி காட்டணும்" என்றான். "இதுக்கா டிகிரி படிச்சீங்க?" என்று சிரித்தாள். இருவரும் சிரித்தார்கள்.

பதினொன்று, பன்னிரண்டு. இப்போது நடையில்லை, நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒன்று. கல்லூரியில் அவன் ஓடுகிறவன். மைதானம் ஒரு சுற்று நானூறு மீட்டர். ஆயிரத்து இருநூறு என்றால் மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் எந்த இடத்தில் நெஞ்சுக்கூட்டில் ஊசி குத்தும், எந்த இடத்தில் தொடை கல்லாகும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். பதினாறு, பதினேழு. தகடுகளில் எண் இறங்கிக்கொண்டே வந்தது, மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு திடீரென்று இருபத்தாறு. பார்த்தான், ஆனால் மனசு அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மனசு முழுக்க அந்த நீட்டிய கால்களில் இருந்தது. பதினெட்டு. அவள் தூங்கியிருப்பாள். பத்தொன்பது. இருபது. வந்துவிட்டது. இருபதாவது கம்பத்தடியில் மண்டியிட்டு ஒன்றை வைத்தான், பத்து மீட்டர் தள்ளி இன்னொன்றை வைத்தான், மூன்றாவதைக் கையில் எடுத்தான். அப்போது உடம்பு ஏதோ சொன்னது. இன்னும் மூச்சு வாங்கவில்லையே என்றது. ஊசி குத்தவில்லையே, தொடை கல்லாகவில்லையே, ஏற்றத்தில் அல்லவா வந்திருக்கிறாய், இரண்டு சுற்றுக்கூட முடிந்த மாதிரி இல்லையே. எண்ணிக்கை தப்பிவிட்டதா? இல்லை, ஒவ்வொன்றாக எண்ணினான். நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தான். இருநூற்றுப் பதினாலு பார் இருபத்து மூன்று. ஒரு கிலோமீட்டரில் இருபத்து மூன்றாவது கம்பமா? முன்னால் இருபத்தாறு என்று ஒன்று வந்ததே. இருபத்தாறு கம்பமும் அறுபது அறுபது மீட்டர் என்றால் ஆயிரத்து ஐந்நூற்று அறுபது மீட்டர் ஆயிற்று. ஒரு கிலோமீட்டருக்குள் அவ்வளவு தூரம் எப்படி அடங்கும்? மேலே போகும் கம்பியைப் பார்த்தான். பாதை வளைந்து போயிற்று, கம்பி வளையவில்லை. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குக் கம்பி நேராகத்தான் போயிற்று, அங்கிருந்து கொஞ்சம் திரும்பி, மறுபடி நேராக. கம்பிக்கு வளையத் தெரியாது. அதனால் வளைவில் கம்பங்களை நெருக்கி நெருக்கி நட்டிருக்கிறார்கள். அறுபது என்பது நேர்பாதைக்கு. இங்கே ஆயிரத்தை இருபத்தாறால் வகுக்க வேண்டும், முப்பத்தெட்டுச் சில்லறை. இருபது முப்பத்தெட்டு எழுநூற்று அறுபது. ஆயிரத்து இருநூறுக்கு முப்பத்திரண்டு கம்பம். அந்த ஒரு வினாடி அவனுக்குப் பயம்கூட வரவில்லை. கண்ணெதிரே இவ்வளவு நேரமும் எழுதி ஒட்டியிருந்தது, கம்பத்துக்குக் கம்பம் எழுதி ஒட்டியிருந்தது. சின்னச் சின்ன நேர்கோடுகளால் இந்த மலையையே வளைத்துச் சுற்றியிருக்கிற ஒருவனை, யாரென்றே தெரியாத ஒருவனை, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அப்புறம் பயம் வந்தது. மூன்றாவது வெடியைக் கையில் பிடித்தபடியே, டப்பாவிலிருந்து இன்னும் இரண்டை அள்ளிக்கொண்டு எழுந்து ஓடினான்.

கட்டைக்குக் கட்டை கால் வைத்து ஓடினான். இருபத்தொன்று, இருபத்திரண்டு. தூறல் கண்ணில் அடித்தது. நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பது எந்தப் பக்கத்தில் இருந்தது? அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டார்கள், பரீட்சைக்கு வராது என்று. இருபத்தைந்து. இப்போது ஊசி குத்தியது, சரியான இடத்தில் குத்தியது, அந்த வலி அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இருபத்தெட்டு. அப்போது தண்டவாளம் பாடத் தொடங்கியது. மின்சார எஞ்சினுக்குச் சத்தம் இல்லை, புகை இல்லை, அதிலும் இறக்கத்தில் அது நிழல் மாதிரி வரும். ஆனால் இரும்பு முதலில் தெரிந்துகொள்கிறது. மெல்லிய, பல்லுக்குள் கூசுகிற, கம்பியைச் சுண்டின மாதிரியான ஓர் ஓசை, இரண்டு பக்கமும் ஒரே சுருதியில். இவ்வளவு அழகான ஒன்றை அவன் அதுவரை கேட்டதில்லை. முப்பது, முப்பத்தொன்று. முப்பத்திரண்டில் விழுந்தான், விழுந்த இடத்திலேயே ஒன்றை வைத்து மடக்கினான், தவழ்ந்தும் ஓடியும் போய் இன்னொன்றை வைத்தான், மூன்றாவது கைநழுவி ஜல்லிக்குள் போய்விட்டது, டப்பாவைத் திறக்க நேரமில்லை. பள்ளத்தின் மேல்வளைவில் எஞ்சினின் முகம் தெரிந்தது. ஓரமாகப் பாறையில் முதுகை ஒட்டி நின்று சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் ஆட்டினான், ஏதோ கத்தினான், என்ன கத்தினான் என்பது அவனுக்கே தெரியாது. எஞ்சின் பெரிதாகவில்லை, திடீரென்று அங்கேயே இருந்தது. வெடித்தது. பாறை இரண்டு பக்கமும் அந்தச் சத்தத்தை வாங்கி அவன் தலைக்குள் அடித்தது. மறுபடி வெடித்தது. ஜன்னலில் ஒரு முகம், திறந்த வாய், அது கடந்துபோயிற்று. சக்கரங்கள் சுழலாமல் சறுக்கிக்கொண்டே போயின. தீய்ந்த இரும்பு வாடை அடித்தது. எஞ்சின் வளைவுக்குள் மறைந்தது. அவன் நின்றான். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒரு வெடி, உடனே இன்னொரு வெடி. இருபதாவது கம்பம். இன்னும் நிற்கவில்லை. பத்தாவதில் ஒன்று இருக்கிறது. அது வெடித்தால் பெருமாயிக்கு நானூறு மீட்டர்கூட இருக்காது. அவன் காதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் இல்லாமல் போய், நின்றான். தூறல் பாறையில் விழும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குருவி, பிறகு அதுவும் இல்லை. வெடிக்கவில்லை. வெடிக்கவேயில்லை.

எஞ்சின் பத்தாவது கம்பத்து வெடிக்குப் பத்தடி மேலே நின்றிருந்தது. ஓடி வந்தவன் அதைப் பார்த்து, எண்ணாமல் இருக்க முடியாமல் எண்ணினான். இருபத்திரண்டு கம்ப தூரம் சறுக்கியிருக்கிறது. இருபதில் நிறுத்தியிருந்தால், என்று தொடங்கிய கணக்கை மனசு முடிக்க மறுத்தது. டிரைவர் கீழே இறங்கி நின்றார், நரைத்த மீசை, சட்டைப் பையில் சிலுவை தெரிகிற ஒரு சாவிக்கொத்து. பிறகுதான் பெயர் தெரிந்தது, அமல்தாஸ். கையில் ஒரு தாளை விரித்துப் பிடித்திருந்தார். "யோவ், என்னய்யா இது? பதினாறு பார் ஏழுன்னு எழுதிக் குடுத்துருக்கான். இது பதினஞ்சு. இங்க எதுக்கு வெடி வச்ச?" "பதினாறு பார் ஏழுல எஞ்சின் நிக்குது சார். வேன் பதினஞ்சு பார் பதினேழுல நிக்குது. இன்னும் பத்துக் கம்பம்." அமல்தாஸ் தாளைப் பார்த்தார், எதிரே வளைவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இறங்கிப்போவதை வைரவன் கண்ணால் கண்டான். "யாருய்யா குடுத்தது இந்த நம்பர?" கோதண்டம் சார் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்தான். "கேட்டாங்க சார். நான்தான் ஓகே சொன்னேன்." "எத்தன வருஷ சர்வீஸு?" "இன்னிக்குத்தான் சார். மொத வண்டி." அவர் திட்டுவார் என்று காத்திருந்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நம்பர் வேணாம்யா எனக்கு இனிமே" என்றார் மெதுவாக. "நீ முன்னால நட. நீ கூப்பிட்டா வர்றேன். நீ நில்லுன்னா நிக்கிறேன்."

பத்தாவது கம்பத்து வெடியைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு அவன் முதலில் வேனுக்கு ஓடினான். பெருமாயி தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் கொஞ்சம் திறந்து, ஒரு கை கூடையின் விளிம்பில். நெஞ்சு ஏறி இறங்கியது. நின்று பார்த்தான், எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியவில்லை, அந்த ஏறி இறங்குதலில் ஒரு குறையும் இல்லை. "அம்மா, எழுந்திரிங்க, இறங்கணும்." "சந்த வந்திருச்சா?" "இல்லம்மா. எஞ்சின் வந்து சேரப்போகுது, அது சேர்ந்தப்புறம் ஏறிக்கலாம்." "எத்தன எஞ்சின் சேந்து பாத்துருக்கேன், அதுக்கெல்லாமா எறக்குவாங்க? முட்டி வலிக்குதுங்கறேன்." அவன் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான், பாறையோரமாக உட்காரவைத்தான், கூடைகளை ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கி வந்து பக்கத்தில் வைத்து, தன் மழைக்கோட்டை எடுத்துப் பழங்களின்மேல் போர்த்தினான். அவள் அவன் கையைப் பார்த்தாள். "ஏஞ்சாமி, கையெல்லாம் ரத்தமா இருக்குது, எங்க வுழுந்த?" "மேலம்மா." "இப்படி ஒருத்தன் ஓடறதுக்கு மேல என்ன இருந்துச்சு?" என்றாள். வேனிலிருந்து பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வளைவு வரை ஏறிப்போனான், எஞ்சின் தெரிந்தது. அவன் தண்டவாளத்தோரமாக நின்று பச்சைக் கொடியை ஆட்டினான். அது வந்தது. மனுஷன் நடக்கிற வேகத்தில், நூறு டன்னுக்கு மேல், ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, அவன் ஆட்டிய கையைப் பார்த்து வந்தது. அவன் பின்னோக்கி நடந்தான், அது முன்னோக்கி வந்தது. அமல்தாஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார். அவருக்கு வேனும் எஞ்சினும் சேரும் இடம் அங்கிருந்து தெரியாது, எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரியாது, அவர் பார்த்தது அவன் கையை மட்டும்தான். இன்னும் எட்டடி, ஆறடி, நாலடி. பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறும் உள்ளங்கையை உயர்த்தினான். எஞ்சின் நின்றது.